காற்று இறங்காத துப்பாக்கி

இந்த வருஷம் எங்கள் பலா மரத்திலிருந்து ஒரு சுளைகூடக் குரங்கு வாய்க்குப் போகாது.

ஏப்ரல் பதினேழாம் தேதி காலை ஆறு ஐம்பதுக்கு, பல் விளக்கிய கையோடு இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினேன். முன்மொழிந்தது நான். வழிமொழிந்ததும் நான். எதிர்த்து ஓட்டுப் போடக்கூடிய ஒரே ஆள் அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

என் பெயர் அய்யாசாமி. பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் பம்ப் பராமரிப்பு. நிலக்கரிக்கு அடியில் கிடக்கிற தண்ணீர் எப்போதும் மேலே வரத் துடித்துக்கொண்டே இருக்கும். அதை ராப்பகலாக இறைக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கம் ஏரியாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் நான் போட்ட வாஷர் ஏழாயிரத்து நானூற்றுப் பதினாறு. ஒன்றுகூடக் கசிந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. கணக்குக்குச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்று ஒரு வருஷம் நாலு மாதம் ஆகிறது. குவார்ட்டர்ஸ் இப்போது என் மகள் உமாராணி பெயரில். அவள் அனல் மின் நிலையத்தில் பெர்மனென்ட். அடுப்படி என் மனைவி புஷ்பவல்லி பெயரில். என் பெயரில் இருப்பது வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதிலும் ஒரு கால் ஆடும்.

பலா மரம் யார் பெயரில் என்பதில்தான் எனக்கும் குரங்குகளுக்கும் தகராறு. போன வருஷம் இருபத்தாறு காய். பத்தொன்பது குரங்குக்கு. நாலு அக்கம்பக்கத்துக்கு. மூன்று எங்களுக்கு. அந்த மூன்றில் ஒன்று, குரங்கு கடித்துப் பார்த்துப் பிடிக்காமல் போட்டது. இந்த வருஷம் இருபத்து மூன்று. ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டால் நம்பர் எழுதினேன். குரங்குக்கு நம்பர் படிக்கத் தெரியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் போனது எது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

தீர்மானம் போடும் தைரியத்தை எனக்குத் தந்தது ஒரு துப்பாக்கி.

எங்கள் பழைய ஆபீசர் நெடுமாறன் சார், மகனோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பரணிலிருந்து நீளமாக ஒரு சாக்கு மூட்டையை இறக்கிக் கொடுத்தார்.

"அய்யாசாமி, இது எங்கப்பா காலத்து ஏர் ரைபிள். வெளிநாட்டு இஞ்சினியர் ஒருத்தர் ஊருக்குப் போறப்ப விட்டுட்டுப் போனது. பம்ப் அடிச்சுக் காத்து ஏத்தணும். நாப்பது வருஷமா காத்து நிக்கல. யார் யாரோ பாத்தாச்சு. பம்ப்புன்னா நீதானேய்யா!"

அந்தக் கடைசி வாக்கியத்தில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

சாதனம் எளிமையானது. குண்டு போகிற குழலுக்கு அடியில் இன்னொரு குழல். அதில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திறந்து மூடினால் ஒரு தடவை காற்று உள்ளே போகும். எட்டுத் தடவை அடித்தால் நிறைந்துவிடும். பத்துக்கு மேல் அடித்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். விசையை அழுத்தினால் எட்டுத் தடவைக் காற்றும் ஒரே தடவையில் வெளியேறும். சைக்கிள் பம்புக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

நான் சட்டத்துக்குப் பயந்தவன். முதலில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏட்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சுடுமா?"

"இப்போதைக்குச் சுடாதுங்க."

"அப்புறம் எதுக்குய்யா என் நேரத்தைச் சுடுறே? எடுத்துட்டுப் போ."

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

"என்னங்க இது, ஒட்டடைக் குச்சியா?" என்றாள் புஷ்பவல்லி.

"துப்பாக்கி."

"யாரைச் சுட?"

"சுட இல்லைம்மா. குரங்கை விரட்ட. குண்டு போட மாட்டேன். வெறும் காத்து. சத்தம் மட்டும்தான்."

"குண்டு கிடையாது. வெறும் காத்து. சத்தம் மட்டும்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வீட்ல ஏற்கெனவே அப்படி ஒண்ணு இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?"

சாக்கோடு ஒரு டப்பாவும் இருந்தது. உள்ளே பழைய ஈயக் குண்டுகள் அறுபத்து மூன்று. எண்ணிக் கொடுத்தேன். வாங்கி எங்கேயோ ஒளித்துவிட்டாள். "ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துற வீட்ல அவர் கூட்டத்தைச் சுட விடமாட்டேன்" என்றாள். எனக்கும் அதில் சம்மதமே.

இங்கே அடுப்படி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு என் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு மாதம் வராந்தாவிலிருந்தே கண்காணித்தேன். பருப்புக்கு நாலு விசில் போதும். அவள் ஆறு வைக்கிறாள். கடுகு டப்பா அடுப்பிலிருந்து ஐந்து எட்டுத் தள்ளி இருக்கிறது. போக ஐந்து, வர ஐந்து. ஒரு நாளைக்கு மூன்று தாளிப்பு. வருஷத்துக்குப் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது காலடி. அதாவது கடுகுக்காக மட்டும் என் மனைவி வருஷத்துக்கு ஏழு கிலோமீட்டர் நடக்கிறாள். அதே நடையில் குறிஞ்சிப்பாடிக்குப் பாதி தூரமாவது போயிருக்கலாம். இதையெல்லாம் ஒழுங்கு செய்ய 'அடுப்படிச் சீரமைப்பு: பதினேழு அம்சத் திட்டம்' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வாசற்படியிலேயே கரண்டியால் மறித்தாள்.

"உள்ள வராதீங்க."

"முப்பத்து நாலு வருஷம் பம்ப் ஹவுஸை நடத்தினவன் நான். இந்த அடுப்படியை நடத்த மாட்டேனா? புயல் அன்னைக்கு மூணு ஷிப்ட் தொடர்ந்து நின்னேன். ரிலீவர் வரலை. நகர்ந்தேனா?"

"நகரல."

"ஏன் நகரல?"

"ரிலீவர் வந்து சார்ஜ் எடுக்காம ஆள் நகரக் கூடாது. நகர்ந்தா குழிக்குள்ள தண்ணி. இருநூத்தி ஆறாவது தடவையா கேக்குறேன்."

"இருநூத்தி நாலு" என்று திருத்தினேன். "ரெண்டு தடவை நீ தூங்கிட்டே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் பலா மரத்தைப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியைப் பார்த்தாள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். நீங்க முதல்ல அந்தத் துப்பாக்கியைச் சரி பண்ணுங்க. ஒரு நாள் பூரா, இருபத்து நாலு மணி நேரம், காத்து இறங்காம நிக்கணும். நின்னுச்சுன்னா அன்னைக்கே அடுப்படி சார்ஜ் மொத்தமும் உங்க கையில. நான் குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதுவரைக்கும் நீங்க இந்தப் படியைத் தாண்டக் கூடாது."

"எழுதிக் குடுப்பியா?"

கொடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். நான் அதை ஃபைலில் வைத்தேன். இருபத்து நாலு மணி நேரம்! பம்ப்காரனிடம் போய்க் காற்றை நிறுத்திக் காட்டு என்கிறாள். மீனிடம் நீந்திக் காட்டு என்பது போல. பாவமாக இருந்தது.

மறுநாள் வேலை தொடங்கியது. மொத்தம் பதினோரு நாள். முதல் நாலு நாள் துரு. குழலைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் தேய்த்தேன். பித்தளை வால்வுக்குப் புளி வேண்டியிருந்தது. படியைத் தாண்ட முடியாது. ஜன்னலில் கை நீட்டினேன்.

"இண்டென்ட் எங்க?" என்றாள்.

"என்னது?"

"ஸ்டோர்ஸ்ல பொருள் வாங்க இண்டென்ட் எழுதணும்னு நீங்கதானே சொல்வீங்க? எழுதிட்டு வாங்க."

எழுதினேன். 'புளி, எலுமிச்சை அளவு, ஒன்று. காரணம்: வால்வு சுத்தம்.' வாங்கிப் படித்துவிட்டு நெல்லிக்காய் அளவு கொடுத்தாள். மீதி ஸ்டாக் இல்லையாம்.

பம்பின் உயிர் வாஷர். பழைய தோல் வாஷர் கருகிய அப்பளம் போல இருந்தது. இந்த அளவில் கடையில் கிடைக்காது. என்னுடைய கடைசி ஜோடி சேஃப்டி ஷூவை எடுத்தேன். சுரங்கத்தில் கொடுத்தது. அதன் நாக்குத் தோலை வட்டமாக வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, மர அச்சில் அழுத்திக் கிண்ணம் போல வளைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட்டேன். பிறகு தையல் மெஷின் எண்ணெயில் ஒரு நாள் முழுக்க ஊறல். அதற்கும் இண்டென்ட். வால்வின் ரப்பரையும் மாற்றினேன். மரக்கட்டை விரிசலுக்குப் பசை. எல்லாவற்றையும் மாட்டி, கைப்பிடியை ஒரு தடவை அடித்தேன். திரும்பி அடிக்கும்போது காற்று கையைப் பிடித்துத் தள்ளியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழாயிரத்து நானூற்றுப் பதினேழாவது வாஷர்.

மே மூன்றாம் தேதி காலை ஆறு மணி. எட்டு அடித்தேன். பின்கட்டு ஆணியில் மாட்டினேன். 'தொடாதே. சோதனை நடக்கிறது' என்று அட்டை தொங்கவிட்டேன். லாக் புத்தகத்தில் எழுதினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு எடுத்து, ஈரச் சாக்கை நோக்கி விசையை அழுத்தினேன்.

'க்ளிக்.'

அவ்வளவுதான். ஒரு பெருமூச்சுகூட வரவில்லை.

அடுப்படி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. "என்னங்க, சுட்டாச்சா? நான் குக்கர் போட்டிருந்தேன், கேக்கல."

நான் பதறவில்லை. புது வாஷர் அப்படித்தான். குழலோடு பழக இரண்டு நாளாகும். மறுபடி எட்டு அடித்தேன். மறுநாளும் 'க்ளிக்.' வாஷரைக் கழற்றி ஷூவின் இன்னொரு நாக்கில் புதிதாகச் செய்தேன். 'க்ளிக்.' குழல் முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. தண்ணீர் வாளியில் வால்வை முக்கிக் கால் மணி நேரம் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. ஆனால் மறுநாள் காலை 'க்ளிக்.'

இப்படி ஒரு கசிவை முப்பத்து நாலு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. நான் பார்க்கும்போது கசியாத கசிவு. வெட்கப்படுகிற கசிவு.

ஒன்பதாம் தேதி பக்கத்து வீட்டு வைத்திலிங்கம் வேலியோரம் வந்தார். உள்ளூர்க்காரர். முப்பது வருஷம் சுரங்கத்தில் பெரிய மண் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். இயந்திரத்தின் சத்தத்தில் பாதிக் காது அங்கேயே போய்விட்டது.

"இன்னாங்கண்ணே, உங்க வூட்டாண்ட மூணே முக்காலுக்கு தெனம் டப்புனு ஒரு சத்தம் கேக்குது? கொரங்குங்க எல்லாம் அலறிக்கினு வந்து எங்க வூட்டு மாடியில குந்திக்கினு இருக்குதுங்க. வத்தல் காயப்போட முடியலன்னு வீரம்மா என்னைத் திட்டுது."

"குக்கர் வெயிட்டா இருக்கும்" என்றேன்.

"குக்கரு புஸ்ஸுனுதான கத்தும்? இது டப்புங்குது."

"உங்க காதுக்கு எல்லாமே டப்புதான் வைத்திலிங்கம்."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பாவம், நல்ல மனிதர். காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றே முக்காலுக்கு நான் வீட்டில் இருப்பதில்லை. மூன்று பத்துக்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்புவேன். பிளாக்கைச் சுற்றி, பார்க் வழியாக, நாலு இருபத்தைந்துக்குத் திரும்புவேன். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது. என்னைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துகிறவர்கள் இந்தப் பிளாக்கில் இருக்கிறார்கள். சரியாகச் சொன்னால், ஒருவர் இருக்கிறார்.

பதினைந்தாம் தேதி வரை பன்னிரண்டு தடவை 'க்ளிக்.' சேஃப்டி ஷூவில் நாக்கு முடிந்து, மேல் தோலும் முடிந்து, அடிப்பாகம் மட்டும் மிச்சம். ஒரு விஷயம்தான் புரியவில்லை. இந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு பலாகூடப் போகவில்லை. இருபத்து மூன்றும் நம்பரோடு தொங்கின. துப்பாக்கி வீட்டில் இருப்பதைக் குரங்குகள் மோப்பம் பிடித்திருக்கும் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் வைத்திலிங்கம் மறுபடி வேலியோரம் வந்தார். இந்த முறை குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நான் சொல்றனேன்னு கோச்சிக்காதீங்க. ஒரே ஒரு நாளு வாக்கிங் போவாம, வூட்டாண்டயே மறஞ்சிக்கினு பாருங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா பாருங்களேன். நான் ஒண்ணும் சொல்லல சாமி."

மறுநாள் பதினாறாம் தேதி. வழக்கம் போல மூன்று பத்துக்குக் கிளம்பினேன். தெருமுனையில் திரும்பி, பின்பக்கச் சந்து வழியாக வந்து, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பலா மரத்துச் செவ்வெறும்பு கடித்தது. பதினொரு இடத்தில். சத்தம் போடாமல் எண்ணினேன்.

மூன்று நாற்பதுக்குக் குரங்குகள் வந்தன. மூன்று நாற்பத்து நாலுக்கு அடுப்படிப் பின்கதவு திறந்தது. புஷ்பவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். 'தொடாதே' அட்டையைக் கழற்றினாள். ஆணியிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். பின்பக்கத்துப் போல்ட்டை இழுத்துவிட்டாள். தோளில் வைத்தாள். வானத்தைப் பார்த்து அழுத்தினாள்.

'டப்!'

மரமே அதிர்ந்தது. ஏழு குரங்குகள் வைத்திலிங்கம் வீட்டு மாடிக்குப் பறந்தன. அவள் துப்பாக்கியை முந்தானையால் துடைத்து, ஆணியில் மாட்டி, அட்டையைத் தொங்கவிட்டு, அது லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக்கிவிட்டு, லொக்கென்று ஒரு தரம் இருமிவிட்டு உள்ளே போனாள்.

வேறு புருஷனாக இருந்தால் கோபப்பட்டிருப்பான். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. என் வாஷர் கசியவில்லை! ஒரு நாள்கூடக் கசியவில்லை! என் முப்பத்து நாலு வருஷ மானம் செவ்வெறும்புக்கு நடுவே எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதோடு அவள் சூதும் வெளிப்பட்டுவிட்டது. அடுப்படியைக் கொடுக்க மனமில்லாமல் காற்றை இறக்கிவிடுகிறாள்! நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு இருபத்தைந்துக்கு முன்வாசல் வழியாக வந்தேன்.

"வாக்கிங் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றேன், சொறியாமல்.

பதினேழாம் தேதி காலை ஆறு மணிக்கு எட்டு அடித்தேன். ஆணிக்குக் கீழேயே என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"வாக்கிங் போகலையா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு முழங்கால் வலி."

"ரெண்டு முழங்காலுமா?"

"ரெண்டும்."

மூன்று நாற்பதுக்குக் குரங்குகள் வந்தன. டப் சத்தத்தை எதிர்பார்த்துக் கொஞ்சம் தயங்கின. சத்தம் வரவில்லை. இறங்கின. நம்பர் நாலைப் பிளந்தன. சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை என் காலடியில் எறிந்தன. என் தலைக்கு மேல் எட்டுத் தடவை அடித்த காற்றோடு துப்பாக்கி தொங்குகிறது. நான் அதைத் தொட முடியாது.

ஜன்னலில் புஷ்பவல்லி கத்தினாள். "என்னங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க? சுடுங்க!"

"சுட முடியாது! டெஸ்ட் நடக்குது!"

"குரங்கை விரட்டத்தானே துப்பாக்கி?"

"டெஸ்ட் முடியட்டும்! இன்னும் பதினாலு மணி நேரம் இருக்கு!"

"அதை அதுங்ககிட்டச் சொல்லுங்க!"

குரங்குகள் நம்பர் பதினொன்றையும் பிளந்தன. என் தீர்மானம் என் கண் முன்னாலேயே சுளை சுளையாகப் போனது. கையைத் தட்டினேன். ஒன்று திருப்பித் தட்டியது. ஆனால் நான் அசையவில்லை. இரண்டு பலா போகட்டும். ஒரு அடுப்படி வருகிறது.

ராத்திரி அங்கேயே பாய் விரித்தேன். பதினெட்டாம் தேதி காலை ஆறு மணிக்கு வைத்திலிங்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். எடுத்தேன். அழுத்தினேன்.

'டப்!'

ஈரச் சாக்கில் காற்று பட்டுத் தண்ணீர் தெறித்தது. "எனக்கே கேட்டுச்சிண்ணே!" என்றார் வைத்திலிங்கம். இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

நிமிர்ந்த நெஞ்சோடு வாசற்படிக்குப் போனேன். கையில் ஒப்பந்தம். மறுகையில் பதினேழு அம்சத் திட்டம். சண்டைக்கு நான் தயார். அழுகைக்கும் தயார். மூன்று நாலு வகைச் சாக்குகளுக்குப் பதில் எழுதியே வைத்திருந்தேன்.

"சரிங்க. சார்ஜ் எடுத்துக்கங்க" என்றாள் புஷ்பவல்லி.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தள்ளலாம் என்று தோளைக் கொடுத்த கதவு தானாகத் திறந்தது போல.

அவள் ஒரு நோட்டை நீட்டினாள். என் பழைய லாக் புத்தகம் ஒன்றின் மிச்சப் பக்கங்கள். அதில் அவள் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது. 'அரிசி, டிரம்மில் முக்கால். தோசை மாவு, இரண்டு நாளைக்கு. காஸ், போட்டுப் பன்னிரண்டு நாள். உமாராணிக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட், அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்ட், அப்புறம் நைட். டிபன் பாக்ஸ் மூன்றடுக்கு. சார்ஜ் கொடுப்பவர்: புஷ்பவல்லி. சார்ஜ் எடுப்பவர்:'

என்ன ஒழுங்கு! முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்ததில் கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன். கையெழுத்துப் போட்டேன்.

"நேரமும் போடுங்க."

'காலை 6.20' என்று போட்டேன்.

அவள் முந்தானையை உதறினாள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்தாள். நிரம்பிய பை. வெளியே கேட்டருகே வைத்திலிங்கத்தின் மனைவி வீரம்மாள் இன்னொரு பையோடு நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, ஆறே முக்கா பஸ்ஸு வந்துடும். வாங்க!"

"எங்கே கிளம்புறே?" என்றேன்.

"காடாம்புலியூருக்கு. எங்க அமிர்தம் அக்கா பலாத் தோப்புக்கு. முப்பத்தெட்டு மரம். குரங்கு அழிச்சு நாசம் பண்ணுது. விரட்ட ஆள் இல்லைன்னு போன மாசத்துல இருந்து அழுகை. அறுப்பு முடியுற வரைக்கும் இருந்துட்டு வரேன். வீரம்மா துணைக்கு வருது."

சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போய், ஆணியிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பழைய புடவையில் சுற்றினாள்.

"அது எதுக்கு?"

"பின்ன? வெறும் கையோட போய்க் குரங்கைக் கும்பிடவா? நல்லா ஒரு நாள் பூரா காத்து நிக்குதுன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. காலைல வீட்ல அடிச்சுக்கிட்டுத் தோப்புக்குப் போனா சாயந்திரம் வரைக்கும் தாங்கும். கையில எத்தனை தடவை பம்ப் அடிக்கிறது, எனக்குத் தோள் வலி."

"நானும் வரேன்!"

அவள் கேட்டில் நின்று திரும்பினாள். என் கையிலிருந்த நோட்டைக் காட்டினாள்.

"ரிலீவர் வந்து சார்ஜ் எடுக்காம ஆள் நகர்ந்தா?"

என் வாய் என் சம்மதம் இல்லாமலே சொன்னது. "குழிக்குள்ள தண்ணி."

"இருநூத்தி அஞ்சு" என்றாள். போய்விட்டாள்.

நான் படியைத் தாண்டி அடுப்படிக்குள் போனேன். இருபத்தேழு நாளுக்குப் பிறகு முதல் தடவை. எதிர்ச் சுவரில் மாதக் காலண்டர். மே மாதக் கட்டங்களில் பென்சில் எழுத்து. கிட்டப் போய்ப் படித்தேன்.

3: டப். சத்தம் அருமை. 9 குரங்கு. வாஷர் முதல் தடவையே சரி. கெட்டிக்காரர்.

4: டப். 8 குரங்கு.

5: டப். 8 குரங்கு. இன்னொரு வாஷர் செய்கிறார். செய்யட்டும். அடுப்படிப் பக்கம் வரவில்லை, நிம்மதி.

10: அக்கா போன். 18ஆம் தேதி காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியாச்சு. உமாவிடமும் சொல்லியாச்சு.

14: இன்னும் சந்தேகம் வரவில்லை. பாவம். வைத்திலிங்கம் தம்பியை விட்டு அவர் காதில் போட வேண்டும்.

16: கல்லுக்குப் பின்னால் இருக்கிறார். எறும்பு கடிக்கும். இருமிவிட்டு வந்தேன்.

17: காவல் காப்பார். இரண்டு பலா போகும். போகட்டும்.

18 என்ற கட்டத்தைச் சுற்றி வட்டம். அதற்குள் ஒரே வார்த்தை: 'பஸ்.'

நானும் கணக்கு எழுதினேன். அவளும் எழுதினாள். நான் போகக் கூடாத சுவரில் எழுதினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சோர்ந்துவிடவில்லை. பதினேழு அம்சத் திட்டத்தை அன்றே அமல்படுத்தினேன். கடுகு டப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் மூடி உருகி டப்பாவோடு ஒட்டிக்கொண்டது. இப்போது வேறு டப்பா, பழைய இடம். ஐந்து எட்டு நடப்பது உடம்புக்கு நல்லது. பருப்புக்கு நாலு விசில் வைத்தேன். உமாராணி டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அப்பா, பருப்பு வேகல. கூட வேலை செய்றவங்க கேரம் விளையாடிப் பாத்தாங்க."

இப்போது ஏழு விசில் வைக்கிறேன்.

குரங்குகளுக்குத் துப்பாக்கி ஊரில் இல்லை என்பது தெரிந்துவிட்டது. மரத்தில் மிச்சம் ஐந்து. தின்கிற இடைவேளையில் ஜன்னலில் உட்கார்ந்து என் சமையலைப் பார்க்கின்றன. நேற்று ஒரு தோசையை எடுத்துப் போன குட்டிக் குரங்கு, திரும்பி வந்து வைத்துவிட்டுப் போனது.

இன்று ஜூன் இரண்டு. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது காடாம்புலியூரிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, சாப்டீங்களா? இங்க ஒரு பலாகூடப் போகல. தோப்பே உங்களைப் பத்தித்தான் பேசுது. அடுத்த தோப்புக்காரங்களும் ஒரு நாளு வந்து விரட்டிக் குடுங்கக்கான்னு கேக்குறாங்க. நான் சொல்லிட்டேன், துப்பாக்கியில காத்து நிக்கிற வரைக்கும் இருக்கேன்னு."

லாக் புத்தகத்தை எடுத்து 'நாற்பத்தேழாவது ஷிப்ட், ரிலீவர் வரவில்லை' என்று எழுதினேன். பிறகு அந்த வாஷர் எப்போது தேயும் என்று தோலின் தடிமன், எண்ணெய், ஒரு நாளைக்கு எத்தனை அடி, எல்லாவற்றையும் வைத்து மூன்று தடவை கணக்குப் போட்டேன்.

என் கையால் செய்த வாஷர். பத்து வருஷம் தாங்கும்.